மங்கம்மாவின் கதவு

ஓசூர்
12-7-1967

அன்னமேரிக்கு,

பெங்களூர்க்காரி ஆகிவிட்டாய், ஓசூருக்குத் தபால் போகாது என்று யாராவது சொல்லிவிட்டார்களா? சித்திரையில் வீடு மாற்றிப் போனவள், பத்திரமாய் வந்து சேர்ந்தோம் என்று ஒரு கார்டு போட்டாய். அதோடு சரி. உங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடு. ரோசலி எப்படி இருக்கிறாள்? நான் தைத்துக் கொடுத்த மஞ்சள் கவுன் இன்னும் பிடிக்கிறதா? நெஞ்சில் அந்தத் தேன்கூட்டுத் தையல் போட்டதில் என் கண்ணே போனது. குட்டையாகிவிட்டால் தூக்கிப் போடாதே. ஓரத்தில் துணி மடித்து விட்டிருக்கிறேன், பிரித்து நீட்டிக்கொள்ளலாம்.

எனக்கு இங்கே ஒரு புது வேலை. பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுப்பதும் சபைப் பெண்கள் சங்கத்துக்குக் காரியதரிசியாய் இருப்பதும் போதாதென்று நானே இழுத்துப் போட்டுக்கொண்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே, மாட்டுச் சந்தை மதிலோரம் கிடப்பாளே மங்கம்மா, அவளைத்தான் சொல்கிறேன். சடை பிடித்த தலை, பத்தடிக்கு முன்பே வரும் நாற்றம், கக்கத்தில் அந்த அழுக்கு மூட்டை. ஒரு மாற்றமும் இல்லை. இடையிடையே எழுந்து மைசூர் எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரைக்கும் நடந்து போய்த் திரும்புகிறாள். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பைத்தியத்துக்குக் காரணம் எதற்கு என்று ஊரே விட்டுவிட்டது.

போன மாதம் மழைக்கு அவள் டீக்கடைக் கூரை ஓரம் ஒதுங்கினாள். கடைக்காரர் டம்ளர் கழுவிய வெந்நீரை அவள் மேல் ஊற்றினார். நான் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

ரொட்டி வாங்கிக் கொடுத்தேன், நாய்க்குப் போட்டாள். கம்பளி கொடுத்தேன், அடுத்த நாள் அது சந்தையில் ஒரு கன்றுக்குட்டி மேல் கிடந்தது. சங்கத்துத் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். பாக்கு மடிக்க நல்லா இருக்குது என்றாள். வேண்டாம் என்பதைக் கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று மூன்று பாஷையிலும் சொல்கிறாள். "பேடம்மா, வத்தம்மா, வேணாம்மா." தமிழில் மட்டும் சொன்னால் நான் விடமாட்டேன் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

நீ இங்கே இருந்தபோது உன் வீட்டுப் பின்வாசலுக்கு மட்டும் வருவாள். கஞ்சி குடிப்பாள். எப்படி அவளைப் பழக்கினாய்? அந்த வித்தையை எனக்கு எழுது. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு அவள் குளித்து, தலை சீவி, என் பக்கத்தில் உட்கார வேண்டும். சொன்னதைச் செய்யாமல் விட்டவளா நான்?

ஜெபசீலி


பெங்களூர்
3-8-1967

ஜெபசீலி அக்காவுக்கு,

திட்டி எழுதினாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. பதில் போடாதது தப்புதான். பாக்டரி லைனில் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு குழாய். இவருக்கு வாராவாரம் ஷிப்ட் மாறுகிறது. தண்ணீர் பிடிப்பது, இவர் தூங்கும்போது சத்தம் போடாமல் நடப்பது, இரண்டிலும் நாள் ஓடிவிடுகிறது. கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சாந்தம்மாதான் வாத்தியார்.

இங்கே ரேஷனில் கோதுமையும் சோளமும்தான் போடுகிறார்கள். அரிசி என்பது பேருக்குத்தான். பெரியவர்கள் எப்படியோ முழுங்கிவிடுகிறோம். ரோசலிக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கில் பாதியாகிவிட்டாள். அரிசிக் கஞ்சியைத் தவிர வேறு எதுவும் கொடுக்காதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கொஞ்சம் தேவலை. மஞ்சள் கவுன் போன மாதமே குட்டையாகிவிட்டது. தூக்கிப் போடவில்லை, பயப்படாதீர்கள்.

மங்கம்மாவை நான் பழக்கவில்லை அக்கா. கூப்பிட்டால் வரமாட்டாள். கஞ்சியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன், அவ்வளவுதான். நீங்கள் பக்கத்தில் நின்று அவள் சாப்பிடுவதைப் பார்ப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாப்பாடு கொடுங்கள், பேசுங்கள். அவள் தலையையும் மூட்டையையும் தொடாதீர்கள். சடையை வெட்டினால் சிலருக்கு ஜன்னி வரும் என்பார்கள். நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் குளிப்பாட்ட வேண்டாம். அவள் இப்போது இருக்கிறபடி இருப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அன்னமேரி


ஓசூர்
20-10-1967

அன்னமேரி,

நீ சொன்னதில் பாதி பலித்தது. கஞ்சியைத் தையல் வகுப்பு வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆவணி பிறப்பதற்குள் கஞ்சி குடித்த பிறகும் படியிலேயே உட்கார ஆரம்பித்தாள். மிஷின் சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கம் வருகிறதாம். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தைக்கிறார்கள். நாற்றம் எனக்குப் பழகிவிட்டது என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். மூக்கில் நீலகிரித் தைலம் தடவிக்கொண்டுதான் அவள் பக்கத்தில் உட்காருவேன். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாள். "எனக்கும் ரவ தைலம் குடுங்க டீச்சரம்மா, உங்க பவுடர் வாசனை எனக்குத் தாங்கல" என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தலைமையாசிரியை எட்டிப் பார்த்தாள்.

அன்னமேரி, அவள் பைத்தியம் இல்லை. உன்னையும் என்னையும் விடத் தெளிவாய் இருக்கிறாள். பர்கூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கல் உடைத்தவன், பாறை சரிந்து செத்தான். கொழுந்தன்மார்கள் காரியம் முடிந்த கையோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். ஓசூருக்கு வந்து பஸ் நிலையத்தில் படுத்தாள். அப்போது நல்ல புடவைதான், வாரிய தலைதான். அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆம்பிளைகள் விடவில்லையாம். ஒருநாள் சந்தைச் சாணிக் குழியில் விழுந்து எழுந்து அப்படியே படுத்திருக்கிறாள். அன்றைக்கு ஒருத்தனும் கிட்ட வரவில்லை. "அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கனன் டீச்சரம்மா. அதுலேர்ந்து குளிக்கல. உங்களுக்கெல்லாம் பலகைக் கதவு. எனக்கு இந்த நாத்தம்தான் கதவு" என்றாள்.

அழுதுவிட்டேன். அழுதுகொண்டே இருப்பவள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். இவளுக்கு நிஜமான கதவு ஒன்று வாங்கித் தருவது என்று முடிவு செய்தேன். சபைக் காம்பவுண்டில் பழைய மிஷனரி துரையின் மோட்டார் ஷெட் சும்மா கிடக்கிறதே, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. கமிட்டியில் கேட்டேன். கமிட்டிப் பெரியவர் ஐசக் இழுத்தார். கடைசியில், குளித்துச் சுத்தமாக வந்தால் தங்கலாம் என்றார்கள். அதிலும் ஒன்றும் தப்பில்லையே.

மங்கம்மாவிடம் சொன்னேன். வாரம் முழுக்க யோசித்தாள். மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அத்திப்பள்ளிச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு ஒரு கெடுதலும் வராது, நான் இருக்கிறேன் என்றேன். "நீங்க கேக்கறீங்க. உங்ககிட்ட எப்படி இல்லன்னு சொல்றது" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன்.

ஜெபசீலி


(அஞ்சலட்டை)
பெங்களூர்
1-11-1967

அக்கா, கடிதம் கிடைத்தது. கிறிஸ்மஸுக்கு வேண்டாம். ஈஸ்டர் வரைக்கும் பொறுங்கள். அதற்குள் ரேஷன் கொஞ்சம் சரியாகும் என்கிறார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், கார்டில் எழுத முடியாது. நேரில் வந்து சொல்கிறேன். இவருக்கு லீவு கிடைத்ததும் வருகிறேன். அன்னமேரி.


ஓசூர்
27-12-1967

அன்னமேரிக்கு,

வருகிறேன் என்றாய், வரவில்லை. ரேஷனுக்கும் மங்கம்மா குளிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று உன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குழந்தை உடம்பு சரியில்லாத குழப்பத்தில் எழுதியிருப்பாய் என்று விட்டேன். அல்லது உன்னிடம் மட்டும் வந்தவள் என்னிடமும் வந்துவிட்டாளே என்று உனக்குச் சின்ன வருத்தம். இருந்தால் ஒன்றும் தப்பில்லை, நானாக இருந்தாலும் பட்டிருப்பேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காரியத்தை முடித்தேன். நாவிதர் திம்மப்பனைக் கூப்பிட்டேன். பொம்பளை சடையில் கை வைத்தால் சாமி குற்றம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நானே என் துணி வெட்டும் கத்திரியால் வெட்டினேன். கத்திரி மழுங்கிவிட்டது. சீயக்காய் போட்டு மூன்று முறை தேய்த்த பிறகுதான் அவளுடைய நிறமே தெரிந்தது. தேய்க்கத் தேய்க்க நடுங்கினாள், கண்ணைத் திறக்கவே இல்லை. குளிரில்தான் என்று வெந்நீரை இன்னும் சூடாக்கினேன். நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டிவிட்டேன். பழைய துணிகளைக் கொளுத்தினேன். மூட்டையை மட்டும் தரமாட்டேன் என்று அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்றால் உனக்கு ஆச்சரியமாக இருக்காது. திரும்பும்போது அதே டீக்கடைக்காரர் "வாங்கம்மா" என்று அவளைக் கூப்பிட்டு, கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார். யாரென்று அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

மங்கம்மா அன்றைக்கெல்லாம் சிரிக்கவில்லை. கூச்சம் என்று நினைக்கிறேன். போகப் போகச் சரியாகிவிடும்.

ஜெபசீலி


பெங்களூர்
6-1-1968

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லது. நீங்கள் நினைத்ததை முடித்துவிட்டீர்கள்.

ரோசலிக்கு மறுபடியும் வயிறு சரியில்லை. கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன். அதிகம் எழுத முடியவில்லை.

மங்கம்மா இப்போதும் அத்திப்பள்ளிப் பக்கம் நடக்கிறாளா? சும்மா கேட்டேன்.

அன்னமேரி


ஓசூர்
8-2-1968

அன்னமேரிக்கு,

சும்மா கேட்டாய் இல்லையா? பதிலைக் கேட்டுக்கொள். நடந்தாள். போன புதன்கிழமை ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் பிடிபட்டாள். மூட்டையில் அரிசி. தடையை மீறி மைசூர் ராஜ்யத்துக்கு அரிசி கடத்தியதாகக் கேஸ்.

போலீஸ் அவளை நேராகச் சபைக் காம்பவுண்டுக்கு அழைத்து வந்தது. மோட்டார் ஷெட்டில் வைக்கோலுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் அரிசி இருந்தது. செக்போஸ்ட் ஆளும் கூட வந்திருந்தார். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெனம் போற பைத்தியம்னு தெரிஞ்சிருந்தா நான் பாட்டுக்கு வுட்டிருப்பன் டீச்சர். அந்த மூட்டையை எவன் தொடுவான்? இது யாரோ வூட்டுப் பொம்பளை, வெள்ளப் பொடவைன்னுதான் எறக்கச் சொன்னன்."

என்ன ஆள் பார்த்தாயா இவள்? ஆறு மாதமாய் என் படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். புருஷன் செத்த கதையைச் சொல்லி என்னை அழ வைத்தாள். நான் கேட்டு வாங்கிக் கொடுத்த ஷெட்டில் கடத்தல் அரிசியைப் பதுக்கி வைத்தாள். கதவு, கதவு என்று உருகினேனே, அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்தது இதுதான். அவளுக்குத் தேவைப்பட்டது நான் இல்லை. நாற்றம் அடிக்கிற மூட்டையும் ஏமாந்த டீச்சரும்தான்.

இன்ஸ்பெக்டர் கேட்டார், உங்களுக்குத் தெரிந்தவளா என்று. ஐசக் பெரியவர் பக்கத்தில் நின்றார், பாதிரியார் நின்றார், சங்கத்துப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். தர்மத்துக்கு இடம் கொடுத்தோம், மற்றபடி இவள் யாரென்றே எனக்குத் தெரியாது என்றேன். மங்கம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு ஜீப்பில் அவளே ஏறினாள், யாரும் தள்ளவில்லை. காரியதரிசி வேலையை நானே விட்டுவிடுவது மரியாதை என்று பாதிரியார் சொன்னார். விட்டுவிட்டேன்.

இது வரைக்கும் அவளைப் பற்றி எழுதினேன். இனி உன்னைப் பற்றி.

மூட்டையை என் கண்முன்தான் பிரித்தார்கள். அழுக்குத் துணிக்குள் துணி, அதற்குள் துணி. கடைசியில் அரிசி கட்டியிருந்த பை. மஞ்சள் பாப்ளின். பையின் வாயில் தேன்கூட்டுத் தையல். அந்தத் தையலை இந்த ஊரில் போடுகிறவள் நான் ஒருத்திதான். ரோசலியின் கவுனை வெட்டிப் பை தைத்திருக்கிறது. தையலும் யாருடையது என்று தெரியும். நூலை இரண்டு தரம் சுற்றி முடிச்சுப் போடும் கெட்ட பழக்கத்தை உன்னிடமிருந்து என்னால் கடைசி வரை மாற்ற முடியவில்லை.

பதில் எழுது. இந்தத் தடவை குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று எழுதாதே.

ஜெபசீலி


பெங்களூர்
19-2-1968

அக்காவுக்கு,

குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால்தான் எல்லாம். எழுதாதே என்றால் எதை எழுதுவது?

வைகாசியில் ரோசலி சாகக் கிடந்தாள். ரேஷன் கடையில் அரிசி இல்லை, வெளியில் வாங்க எங்களால் முடியாது. ஓசூர்ச் சந்தையில் அரிசி இருந்தது, நடுவில் செக்போஸ்ட் இருந்தது. நான் ஒரு முறை கொண்டு வர முயன்றேன், பறித்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓசூர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து அழுததை மங்கம்மா பார்த்தாள். "என் மூட்டையை எவனும் தொடமாட்டான்" என்று அவள்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. பிறகு லைனில் சாந்தம்மா கேட்டாள், இன்னும் மூன்று வீடு சேர்ந்தது. சந்தையில் வாங்கி, அத்திப்பள்ளி வரைக்கும் சுமந்து வந்து தருவாள். நாங்கள் முறை வைத்துப் போய் வாங்கி வருவோம். ஆமாம் அக்கா, அத்திப்பள்ளி வரைக்கும் நானும் வந்தேன். அங்கிருந்து ஓசூர் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பயந்து திரும்பிவிடுவேன்.

அவள் உங்களை ஏமாற்றவில்லை. கஞ்சி அவளுக்கு எங்கேயும் கிடைக்கும். உங்கள் படியில் உட்கார்ந்தது உங்களுக்காகத்தான். அத்திப்பள்ளிக்கு வந்தால் உங்கள் பேச்சுதான் பேசுவாள். மூக்கில் தைலம் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்காரும் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அரிசி விஷயத்தை உங்களிடம் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். "டீச்சரம்மா நேர்மையானவங்க. தெரிஞ்சா எனக்கும் உனக்கும் நடுவுல மாட்டிக்குவாங்க, பாவம்" என்றாள்.

குளித்தால் பிழைப்புப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஐப்பசியில் என்னிடம் வந்து, "வாணாம்னு நீயாவது எழுது, என்னால அவங்ககிட்ட சொல்ல முடியல" என்றாள். எழுதினேன். முதலில் ஜன்னி என்றேன், பிறகு ரேஷன் என்றேன். நேராக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீங்கள் உண்மை தெரிந்தால் பேசாமல் இருக்கமாட்டீர்கள். பேசினால் இவர் வேலை போகும். நானும் பயந்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினையுங்கள். கிறிஸ்மஸுக்குப் பிறகு அவள் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. ஜனவரியில் ரோசலி மறுபடியும் விழுந்தாள். உங்கள் கடிதம் என் கையில் இருந்தது. அவள் வெள்ளைப் புடவையில் இருக்கிறாள், சோதனை போடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சாந்தம்மாவிடம் சொல்லி அனுப்பினேன், ஒரே ஒரு தடவை என்று. பழைய பை கிழிந்திருக்கும் என்று கவுனை வெட்டிப் புதுப் பை தைத்துக் கொடுத்தனுப்பினேன். மங்கம்மா பையை வாங்கிக்கொண்டு, "இப்ப எம்மேல கதவு இல்ல. பரவால்ல, பாப்பாவுக்குத்தான" என்றாளாம். போய்விட்டாள்.

கோர்ட்டுக்கு நாங்கள் யாரும் வரமாட்டோம். இவர் வேண்டாம் என்கிறார், லைனில் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். அவள் எங்கள் பேரைச் சொல்லமாட்டாள் என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயத்தில்தான் தூங்குகிறோம்.

நீங்கள் என்னைக் கேட்டீர்கள், நானும் ஒன்று கேட்கிறேன். அரிசி கொண்டு வந்ததை நான் மறைத்தேன். ஆனால் அவளை யாரென்று தெரியாது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொன்னது யார்? ஆண்டவரைத் தெரியாது என்று சீடர் மறுத்தபோது கூவியதே, அந்தச் சேவல்தான் கூவவில்லை, அவ்வளவுதான் குறை.

அன்னமேரி


ஓசூர்
9-6-1968

அன்னமேரிக்கு,

உன் கடிதம் வந்தபோது கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டிப் படித்தேன். இத்தனை நாள் பதில் போடாதது கோபத்தால் மட்டும் இல்லை. சேவல் என்று நீ எழுதிய வரி உண்மைதான். அதனால் நீ செய்தது சரியாகிவிடாது. வெள்ளைப் புடவை கட்டியவளை அந்தச் சாலையில் தெரிந்தே நடக்கவிட்டாய். உண்மையை ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கத்திரியை நான் தொட்டிருக்கமாட்டேன். என்னை நம்பி ஒரு குழந்தையின் கவுன் அளவைச் சொல்லத் தெரிந்த உனக்கு, அந்தக் குழந்தை பசியில் கிடப்பதைச் சொல்லத் தெரியவில்லை. அது எனக்கு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை.

கேஸ் மாசியில் வந்தது. நான் கோர்ட்டுக்குப் போனேன். ஷெட் நான் கொடுத்தது, இவள் என் சிநேகிதி, நான் கேட்டுக்கொண்டதால்தான் குளித்தாள் என்று எல்லாவற்றையும் சொல்ல மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சபையில் அடுத்த ஞாயிறு யார் முகம் திருப்பினாலும் சரி என்று முடிவு செய்திருந்தேன்.

மாஜிஸ்திரேட் அவளைத்தான் முதலில் கேட்டார், அந்த இடத்தை யார் கொடுத்தது என்று. "யாரும் குடுக்கல சாமி. பூட்டை ஒடைச்சிக்கினு நானே பூந்துட்டன்" என்றாள். நான் எழுந்து நின்றேன். அவர் என்னைக் காட்டி, இந்த அம்மாவைத் தெரியுமா என்றார். மங்கம்மா என்னை நன்றாகப் பார்த்தாள். "தெரியாது சாமி. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள்.

என் வார்த்தைதான். அதை வாங்கி வைத்திருந்து அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தாள். என்னைக் காப்பாற்றினாளா, கைகழுவினாளா என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். சொல்லியிருக்கலாம், அப்போதும் சொல்லவில்லை. மூன்று மாதம் போட்டார்கள். உங்கள் லைனில் யார் பேரும் அவள் வாயிலிருந்து வரவில்லை. நீங்கள் நன்றாகத் தூங்கலாம்.

போன வாரம் வெளியே வந்துவிட்டாள். பழைய இடம்தான், சந்தை மதிலோரம். தலைமுடி இப்போதுதான் வளர்கிறது. ஜெயிலில் வாராவாரம் குளிப்பாட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். வந்த இரண்டாம் நாளே பஸ் நிலையத்தில் எவனோ தொந்தரவு செய்திருக்கிறான். கல்லால் அடித்து விரட்டியிருக்கிறாள். இப்போது சாணிக் குழி பக்கத்திலேயே உட்காருகிறாள். லாரிக்காரர்களிடம் கழிவு ஆயில் கேட்டு வாங்கித் தலையில் தடவிக்கொள்கிறாள். நான் கட்டிவிட்ட நீலக் கரைப் புடவை எது, மண் எது என்று தெரியவில்லை.

மூக்கில் தைலம் இல்லாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நகர்ந்துகொண்டாள். "கமிட்டி வேணாம், சபை வேணாம் மங்கம்மா. என் வூட்டுக்கு வா. குளிக்கக்கூட வேணாம்" என்றேன். சாலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"உங்க கதவு உங்க கையில இருக்குது டீச்சரம்மா. தொறக்கறதும் நீங்க, சாத்தறதும் நீங்க. எனக்கு எங்கதவு எம்மேலதான் இருக்கணும். அது வளர்ற வரைக்கும் கிட்ட வராதீங்க. நீங்க பக்கத்துல இருந்தா நான் யாரோ வூட்டுப் பொம்பளை மாதிரி தெரியறன்."

எழுந்துவிட்டேன். நாலடி நடந்ததும் கூப்பிட்டாள். மன்னிப்பாள் என்று திரும்பினேன். எனக்கு அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

"பாப்பாவுக்கு சோறு எறங்குதா?" என்றாள்.

எனக்குத் தெரியாது அன்னமேரி. இறங்குது, நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுபடியும் கேட்டால் அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் இல்லை.

உன்னோடு எழுத்துப் போக்குவரத்து இனி வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் போடு. ஒரு கார்டு போதும். சுகம் விசாரிக்காதே, அக்கா என்று எழுதாதே, காரணம் எதுவும் சொல்லாதே. ரோசலி சாப்பிடுகிறாளா இல்லையா, அதை மட்டும் எழுது. சந்தை நாளில் போய், தள்ளி நின்று மங்கம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.

ஜெபசீலி